மோயாற்றுப் பள்ளத்தாக்கைக் காணச் செல்வோம்

விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு எங்கேனும் சென்று வரவேண்டும் என்னும் ஆவல் எல்லா இல்லங்களிலும் எழுவது இயல்பே. கோவை வட்டாரத்தில் வாழும் நமக்கு உதகையின் பூங்காவும் ஏரியும் பழகிப்போனவை. அதே நீலமலையின் வடபுறத்தில், படைத்தவரின் கைவண்ணம் பேரழகோடு விளங்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே மோயாற்றுப் பள்ளத்தாக்கு. அதைக் காணச் செல்வதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்யலாம், அங்கே எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றைச் சற்றுச் சிந்திப்போம்.

ஆறு வகுத்த பிளவு

நீலமலையின் உச்சிப் பகுதியில் தோன்றும் பைக்காரா ஆறே, வடக்கே இறங்கி முதுமலைக் காட்டை அடைந்தபின் மோயாறு என்னும் பெயர் பெறுகிறது. அங்கே அருவியாய் வீழ்ந்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள ஆழமான மலைப்பிளவின் வழியே கிழக்கு நோக்கிப் பாய்கிறது. தெற்கே நீலமலை, வடக்கே மைசூர்ப் பீடபூமி, இவ்விரண்டையும் பிரித்து நிற்பது இப்பிளவே. பின்னர் அது அகன்ற பள்ளத்தாக்காக விரிய, ஆறு பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு கலக்கிறது. 1955-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையிலிருந்து செல்லும் கீழ்பவானி வாய்க்கால், ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருகிறது. நம் வயலின் நெல்லிலும் மஞ்சளிலும் மோயாற்றின் நீர் கலந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பிளவின் மேற்புறம் முதுமலை. அது 1940-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமானது. கீழ்ப்புறம் 2013-இல் அறிவிக்கப்பெற்ற சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். யானை, புலி, கழுதைப்புலி, வெளிமான் முதலியவை வாழும் இக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றமாகும்.

பயண ஏற்பாடு

அப்படியாயின் எங்கிருந்து காண்பது? கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனையே குடும்பங்களுக்கு ஏற்ற இடம். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 35 கிலோமீட்டர். அங்கிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். கோடநாடு அதற்கும் அப்பால் 20 கிலோமீட்டருக்குள்ளாகவே அமைந்துள்ளது. விடியலில் புறப்பட்டால் மாலையில் இல்லம் திரும்பலாம். அங்கே நின்று நோக்கினால், விரிந்த பள்ளத்தாக்கில் வளைந்தோடும் மோயாறும், தெங்குமரஹாடா சிற்றூரின் பசும் வயல்களும், எதிரே ரங்கசாமி முடியும் கண்ணுக்கு விருந்தாகும்.

மழைக்காலத்தில் மூடுபனி யாவற்றையும் மறைத்துவிடும். மழை ஓய்ந்த சனவரி, பிப்ரவரி மாதங்களின் காலைப்பொழுதே உகந்தது. 2024-ஆம் ஆண்டு மே 7 முதல், உயர்நீதிமன்ற ஆணைப்படி, நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு தேவை. புறப்படுமுன் அதற்கான நடப்பு விதிகளைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். ஞாயிறன்று செல்வோர், கோத்தகிரி ஆலயத்தின் திருப்பலி நேரத்தையும் முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். கம்பளியாடை, தொலைநோக்கி, வீட்டிலிருந்து கட்டிய சோறு, எவர்சில்வர் பாத்திரத்தில் குடிநீர் ஆகியவை போதும். நெகிழிப் பைகளும் புட்டிகளும் அம்மாவட்டத்தில் தடைசெய்யப்பட்டவை.

வானத்தில் வட்டமிடும் பறவை

காட்சிமுனையில் நிற்போர் வானத்தையும் உற்று நோக்க வேண்டும். தென்னிந்தியாவில் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் இன்னும் கூடுகட்டி வாழும் மிகச் சில இடங்களுள் மோயாற்றுப் பள்ளத்தாக்கு தலையாயது. ஆற்றோரத்து உயர்ந்த நீர்மருத மரங்களில் அவை கூடு கட்டும். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும். அழுகிய உடலை உண்டு நோய் பரவாமல் காக்கும் இத்துப்புரவாளரைக் கண்டு முகம் சுளிப்போர் பலர். ஆயினும் பாறைமுகட்டில் குடியிருந்து இரை தேடும் பறவையை, தம் ஞானத்திற்குச் சான்றாக இறைவனே யோபுவிடம் சுட்டிக்காட்டியதைத் திருவிவிலியத்தில் காண்கிறோம்.

1990-களில் நாடெங்கும் இப்பறவைகள் கொத்துக்கொத்தாய் மடிந்தன. முதுகு வெளுத்த பாறுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை அழிந்தன. காரணம் வேடனின் துப்பாக்கியன்று. கால்நடைகளின் வலிக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே காரணம் என 2004-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அம்மருந்து செலுத்தப்பட்ட மாடு இறந்தபின், அதன் உடலை உண்ணும் பாறு சிறுநீரகம் செயலிழந்து மாய்கிறது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதனைத் தடைசெய்தது. மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது.

இங்கேதான் பயணம் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. பள்ளத்தாக்கிற்குள் நாம் காலடி வைக்காவிடினும் நம் கை அங்கே எட்டுகிறது. ஆகவே மாடு வளர்க்கும் குடும்பங்கள், தாமாகவே கடையில் வலி மருந்து வாங்கி ஊசி போடுவதை விடுத்து, கால்நடை மருத்துவரிடம் பாறுகளுக்குத் தீங்கற்ற மருந்தைக் கேட்டுப் பெறவேண்டும். காட்டோரத்தில், புலி அடித்த மாட்டின் உடலில் சினத்தால் நஞ்சு கலப்போர், புலியோடு பாறுகளையும் கொல்கின்றனர். வனத்துறையிடம் இழப்பீடு கோருவதே முறையான வழி.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் திருமடல், படைப்புகள் யாவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை என்று நமக்குக் கற்பிக்கிறது. நம் தொழுவத்திற்கும் மோயாற்றின் மருதமரத்துக் கூட்டிற்கும் உள்ள பிணைப்பைக் காட்டிலும் இதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எனவே, அன்புக் குடும்பங்களே, சென்று வாருங்கள். காட்சிமுனையில் சில நிமிடம் அனைவரும் மௌனமாய் நின்று, 104-ஆம் திருப்பாடலைச் சேர்ந்து சொல்லுங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசாமல், ஒலிபெருக்கி இசைக்காமல், கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மறுநாள் காலை மாட்டுக்கு என்ன மருந்து கொடுக்கிறோம் என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். அப்போதுதான் அப்பயணம் நிறைவு பெறும்.