வெடியொலி கற்பித்த பாடம்

அச்சமும் ஒருவகைக் கல்வியே. உருசிய அறிஞர் பவ்லோவ் நாய்க்கு உணவிடுமுன் ஓர் ஒலியை எழுப்பிவந்தார். சின்னாளில், உணவு வாராமலே அவ்வொலிக்கு அதன் வாயில் நீர் சுரந்தது.

எங்கள் வன்னி மக்கள் இதனை எறிகணையிடம் கற்றனர். முதலிற் சீறல்; பின்னர் நிகழ்ந்ததை எழுத மனம் வரவில்லை. அவருட் பெருந்தொகையினர் 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தனர். முகாம் 2012இல் மூடப்பட்டது. ஆயினும் திருமண வீட்டிற் சீனவெடி வெடிக்கையில் சிலர் சட்டெனக் குனிவதை இன்றும் காண்கிறேன்.

“இத்தனை ஆண்டாகியும் மறக்கவில்லையா?” என நகைப்போர் உளர். அவர்கள் பவ்லோவின் மற்றொரு கண்டுபிடிப்பை அறியார் போலும். உணவின்றி ஒலியை மட்டும் பன்முறை எழுப்ப, எச்சில் நின்றது. சிறிது ஓய்வுக்குப்பின் எழுப்ப, மீண்டும் சுரந்தது. பழைய பாடம் அழிவதில்லை. அதன்மேற் புதியதொன்று படிகிறது, அவ்வளவே.

சிகிச்சையும் அப்புதிய பாடமே. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார், முயலுக்கு அஞ்சிய சிறுவனுக்கு விருப்பமான தின்பண்டம் கொடுத்தபடியே முயலை மெல்ல மெல்ல அருகே கொணர்ந்தார். ஜோசப் வோல்ப் தின்பண்டத்துக்குப் பதிலாக உடலைத் தளர்த்தும் பயிற்சியைச் சேர்த்து, 1958இல் நூலாக்கினார். அத்தளர்ச்சிக்கு நம் மரபிலுள்ள மூச்சுப் பயிற்சியும் மந்திர உருவும் உதவும் எனக் கண்டு கையாண்டவர், யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டார் அண்மையில் வெடி கொளுத்துமுன் அயலெங்கும் ஆளனுப்பி அறிவித்தனர். அடுத்த வீட்டு அம்மையார் திண்ணையிலேயே இருந்தார். தூணை இருகையாலும் பற்றியிருந்தார், உள்ளே ஓடவில்லை.