அறிக்கையில் அகப்படாத படபடப்பு

நெஞ்சுப் படபடப்பு, மார்பில் அழுத்தம், துடிப்பு ஒன்று தவறிப்போனது போன்ற உணர்வு ஆகியவற்றுக்காக மருத்துவமனைக்குச் செல்வோரில் பலருக்கு, இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எனத் தொடங்கி ஆஞ்சியோகிராம் வரை எடுத்த பின்னும் 'எல்லாம் நார்மல்' என்ற ஒற்றைச் சொல்லே கிடைக்கிறது. தொல்லையோ அன்றிரவே திரும்பி வந்துவிடுகிறது. ஏதோ பெரிய நோய் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்ற அச்சமும், 'எல்லாம் மனப்பிரமை' என்று வீட்டார் சொல்லிவிடுவார்களோ என்ற மனக்குறையும் இந்நிலையில் ஒருங்கே எழுகின்றன. பெரும்பாலும் இரண்டுக்கும் ஆதாரமில்லை. சோதனை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது என்பதை அறிந்துகொண்டால், அறிக்கைக்கும் அறிகுறிக்கும் இடையே முரண்பாடு இல்லை என்பது விளங்கும்.

சோதனை எதைப் பார்க்கிறது?

இதயத்தில் ஓடும் மின்னலைகளைக் கோடாக வரைந்து காட்டும் இ.சி.ஜி., வழக்கமான முறையில் எடுக்கப்படும்போது 10 நொடிகளை மட்டுமே பதிவு செய்கிறது. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதால், கைக்கு வருவது 25 சென்டிமீட்டர் நீளமுள்ள கோடு. அதில் அடங்குவன ஏறத்தாழ 12 துடிப்புகள். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் உறுப்பின் படபடப்பு அந்த 12 துடிப்புகளுக்குள் வந்து அகப்படாதது வியப்பன்று. ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ, தசையின் வலுவையும் வால்வுகளின் அமைப்பையும் காட்டுமே தவிர, வந்து மறையும் தாளக் கோளாறைத் தேடுவதற்கான கருவி அன்று. ஆகவே இவை இயல்பாக இருப்பது, ஆபத்தான காரணங்களில் பலவற்றின் வாய்ப்பைப் பெரிதும் குறைத்துவிட்டது என்று பொருள்படும். அது உண்மையான நல்ல செய்தியே. அறிகுறிக்குக் காரணமே இல்லை என்று அதற்குப் பொருளில்லை.

சில நொடிப் பதிவு விட்டுவிடும் இந்த இடைவெளியை நிரப்பவே, உடலோடு பொருத்திக்கொண்டு வீட்டில் நடமாடும்போதே பதிவு செய்யும் ஹோல்டர் கருவி வந்தது. அமெரிக்காவின் மொண்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் முதலில் உருவாக்கிய கருவி முதுகில் சுமக்க வேண்டிய, சுமார் 38 கிலோ எடையுள்ள மூட்டை. இன்று அது உள்ளங்கைக்குள் அடங்குகிறது. எனினும் மாதம் ஒருமுறை வரும் படபடப்பை 24 மணி நேர ஹோல்டரில் தேடுவதால் பயன் குறைவு. அத்தகையோருக்கு வாரக்கணக்கில் அணியும் பதிவுக் கருவியே பொருந்தும்.

துடிப்பு இடறும்போது நடப்பது

நெஞ்சு 'திக்' என்று ஒருமுறை அதிர்வதாகக் கூறுவோரிடம் அடிக்கடி காணப்படுவது, முந்திவரும் துடிப்பு, அதாவது உரிய நேரத்துக்குச் சற்று முன்பே இதயத்தின் வேறொரு மூலையிலிருந்து கிளம்பும் துடிப்பாகும். அப்போது இதய அறை முழுமையாக நிரம்பியிருக்காது என்பதால் அந்தத் துடிப்பு மணிக்கட்டில் தெரியாமலே போகலாம். அதனைத் தொடர்ந்து சிறு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் கூடுதலாகச் சேர்ந்த இரத்தத்தை அடுத்த துடிப்பு வலுவாக வெளித்தள்ளுகிறது. நோயாளி உணரும் அதிர்வு இந்த இரண்டாவது, இயல்பான துடிப்பினுடையதே. இதயம் நின்று மறுபடி ஓடியது போன்ற திகிலைத் தந்தாலும், இதய அமைப்பு சீராக உள்ளவர்களிடம் எப்போதாவது வரும் இத்தகைய துடிப்புகள் பெரும்பாலும் தீங்கற்றவை. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கும்போது இதயம் மார்புச் சுவரை நெருங்குவதால், இரவில் அவை மேலும் துலக்கமாகத் தெரிகின்றன.

அடைப்பில்லாத நெஞ்சுவலி

ஆஞ்சியோகிராம் என்பது சாயத்தைச் செலுத்தி இதயத் தமனிகளை எக்ஸ்ரே கதிர்களால் காணும் சோதனை. அரை மில்லிமீட்டருக்கும் குறுகலான கிளைக் குழாய்கள் அதில் தெளிவாகத் தெரிவதில்லை. பெரிய இதயத் தமனிகளில் அடைப்பு இல்லாதபோதும், இந்நுண்குழாய்கள் தேவைக்கேற்ப விரியாவிட்டால் உழைப்பின்போது நெஞ்சுவலி வரலாம். பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. தமனி திடீரென இறுகிச் சுருங்குவது மற்றொரு காரணம். 1959இல் மருத்துவர் பிரின்ஸ்மெட்டல் விவரித்த இந்த வலியின் அடையாளம், அது உழைக்கும்போது வராமல், ஓய்விலும் விடியற்காலையிலும் வருவது. இரண்டையும் கண்டறியச் சிறப்புச் சோதனைகளும் கட்டுப்படுத்த மருந்துகளும் உள்ளன. நடந்தால் வந்து நின்றால் அடங்கும் வலி தொடருமாயின், 'அடைப்பு இல்லை' என்ற விடையோடு திரும்பிவிடாமல், நுண்குழாய்க் கோளாறாக இருக்கக்கூடுமா என்று இதய மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்பதே முறை.

இதயத்துக்கு வெளியே

இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, மாதவிடாய் நிற்கும் பருவத்து மாற்றங்கள், ஆஸ்துமா இன்ஹேலர், சளிக்கான சில மாத்திரைகள் ஆகிய யாவும் இதயத்தை விரைவாகத் துடிக்க வைக்கும். விலா எலும்பு குருத்தெலும்போடு சேருமிடம் வீங்கினால், விரலால் அழுத்திய இடத்திலேயே வலி தோன்றும். உணவுக்குழாய்க்குள் ஏறும் அமிலமும் நெஞ்சை எரிக்கும். நம் வீடுகளில் எந்த நெஞ்சுவலிக்கும் 'வாய்வுப் பிடிப்பு' என்று பெயர் சூட்டி ஓமத்தண்ணீர் கொடுக்கும் பழக்கம் உண்டு, இ.சி.ஜி. எடுக்கப்படும் முன்பே அந்தத் தீர்ப்பை வழங்குவது ஆபத்தானது.

எழுந்து நின்றதும் தலைசுற்றலோடு படபடப்பு வருவோரிடம் நாடித் துடிப்பைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் பெரிதாகக் குறையாமல், நின்ற 10 நிமிடங்களுக்குள் நாடி நிமிடத்துக்கு 30 துடிப்போ அதற்கு மேலோ கூடி நீடித்தால், பெரியவர்களிடம் தன்னியக்க நரம்புகளின் கோளாறான 'பாட்ஸ்' ஐயத்துக்குரியதாகிறது. படுக்க வைத்தே எடுக்கப்படும் இ.சி.ஜி.யில் அது அகப்படுவதில்லை.

அச்சத்தின் சுழல்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களிடம் கண்ட படபடப்பையும் நெஞ்சுவலியையும் பற்றி மருத்துவர் டா கோஸ்டா 1871இல் எழுதினார். முதல் உலகப் போரில் அதே தொல்லை 'படைவீரர் இதயம்' என்றும் அழைக்கப்பட்டது. இதயத்தில் பழுது காணப்படாத இவ்வீரர்களைப் படுக்கையில் கிடத்திவைக்காமல், படிப்படியாக உடற்பயிற்சியில் ஈடுபடுத்தும் வழியைப் பிரிட்டனில் மருத்துவர் தாமஸ் லூயிஸ் கையாண்டார்.

இதயத்தில் பழுதில்லாதபோதும் இத்தகைய தொல்லையை அச்சம் வளர்க்கக்கூடும்: அச்சம் எழும்போது அட்ரினலின் சுரந்து துடிப்பை விரைவாக்குகிறது. விரைந்த துடிப்பு மேலும் அச்சமூட்டுகிறது. மூச்சு வேகமாகி, இரத்தத்தில் கரியமிலவாயு குறைவதால் விரல்கள் மரத்து, மார்பு இறுகுகிறது. இவை உடலில் மெய்யாகவே நிகழும் மாற்றங்கள். எனவே 'கற்பனை' என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

அன்றாடத்தில் செய்யக்கூடியது

குறிப்பேடு ஒன்று பல சோதனைகளுக்கு ஈடாகும். தொல்லை திடீரெனத் தொடங்கியதா, மெல்ல ஏறியதா, சீராக ஓடியதா, தாறுமாறாக இடறியதா, எத்தனை நிமிடம் நீடித்தது, அதற்குமுன் உண்டதும் பருகியதும் என்ன என்பவற்றை அவ்வப்போது எழுதி வைக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதுபோல் தொடங்கி, அதேபோல் சட்டென்று நிற்கும் வேகத் துடிப்பு, இதயத்தின் மின்பாதைக் கோளாறைச் சுட்டும் பயனுள்ள தடயமாகும். தொல்லை இருக்கும்போதே அருகிலுள்ள மருத்துவமனையில் ஓர் இ.சி.ஜி. எடுத்துக்கொள்வது, தொல்லையற்ற நாளில் எடுத்த பத்தைவிடப் பயன் தரும்.

ஊருக்கு ஊர் மருத்துவரை மாற்றி அதே சோதனைகளைத் திரும்பச் செய்வதும், மணிக்கொருமுறை நாடியைத் தொட்டுப் பார்ப்பதும் அச்சத்தைத் தணிப்பதில்லை, வளர்க்கவே செய்கின்றன. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை ஓயாமல் பார்ப்பதும் அவ்வகையே. அறிக்கைகளை ஒரே கோப்பில் வைத்து ஒரே மருத்துவரிடம் தொடர்வது நலம். மருத்துவர் அனுமதித்த பின் 10 நிமிட நடையில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டலாம். படபடப்பின்போது நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெல்ல மூச்சை விடலாம். காபியைக் குறைத்துப் பார்ப்பதும் தூக்கத்தைச் சீராக்குவதும் சிலருக்குக் கைகொடுக்கும். அச்சமே முன்நிற்கும்போது மனநல ஆலோசனையை நாடுவதில் இழுக்கில்லை. இந்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416.

காத்திருக்கக் கூடாத நிலை

உழைப்பின்போது மயங்கி விழுதல், குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்திருத்தல் ஆகிய இரண்டில் ஒன்று இருந்தாலும், அறிக்கை எப்படியிருப்பினும் விரைவில் மறு ஆய்வு தேவை. சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் மார்பு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் பழைய கோப்பைப் புரட்டிக்கொண்டிராமல் 108ஐ அழைக்க வேண்டும். போன மாதம் எடுத்த சோதனை போன மாதத்துக்கு மட்டுமே உரியது.