இணைப்பின் நுட்பம்

மதுரை வீதிகளில் பூத்தொடுக்கும் கைகளைக் காணாதவர் இலர். வாழைநாரில் மல்லிகையைத் தொடுப்பவர் முடிச்சைத் தளரவிட்டால் மலர் நழுவும். மிகையாக இறுக்கினால் காம்பு அறும். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் கை அறிந்திருப்பதே தொடுக்கும் கலை. மொட்டைமாடியிலிருந்து தொலைக்காட்சிக்கு வரும் கேபிளின் முனையில் இணைப்பானைப் பொருத்துவதும் அத்தகைய கலையே. விரல்நுனி அளவே உள்ள அவ்விணைப்பு பிழைபட்டால், விலையுயர்ந்த கருவிகளும் பயனற்றுப் போகும்.

ஓரச்சு வடம்

ஒரு காலத்தில் மதுரை மாடிகளில் நெடிய குழாய்களின் உச்சியில் ஆண்டெனாக்கள் கொடைக்கானல் மலையை நோக்கி நின்றன. அம்மலைமேல் அமைந்த தூர்தர்ஷன் நிலையத்தின் அலைகளை அவை ஏற்றன. பட்டையான இரட்டைக் கம்பி அவற்றை வீட்டிற்குள் கொண்டுவந்தது. பின்னர்த் தெருத்தோறும் கேபிள் தொலைக்காட்சியும், அதன்பின் டி.டி.எச். தட்டும் வந்தன. பட்டைக் கம்பியின் இடத்தைக் கோஆக்சியல் கேபிள் பெற்றது.

இக்கேபிளின் நடுவில் ஒரு கம்பி உண்டு. அதைச் சுற்றி வெண்ணிற நுரைக்காப்பும், அதன்மேல் அலுமினியத் தாளும், மெல்லிழைப் பின்னலும், வெளியே கறுப்பு உறையும் அமைந்துள்ளன. நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் அச்சு ஒன்றே. ஆதலின் இதனை ஓரச்சு வடம் எனலாம். இவ்வமைப்பிற்கு ஆங்கிலேய அறிஞர் ஆலிவர் ஹெவிசைடு 1880ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அலை, கம்பிக்கும் பின்னலுக்கும் இடைப்பட்ட வெளியில் அடைபட்டுச் செல்வதால், அது வெளியே கசிவதும் புறச்சலனங்கள் உள்ளே புகுவதும் தடுக்கப்படுகின்றன.

அளவே பண்பு

வீடுகளில் பெரிதும் பயன்படுவது ஆர்.ஜி.6 வகைக் கேபிள். அதன் நடுக்கம்பியின் விட்டம் ஏறத்தாழ 1 மி.மீ.; நுரைக்காப்பின் விட்டம் ஏறத்தாழ 4.6 மி.மீ. இவ்விரு விட்டங்களின் விகிதமும் நுரையின் தன்மையும் சேர்ந்தே கேபிளின் மின்மறிப்பை 75 ஓம் என நிலைநிறுத்துகின்றன. சீரான வாய்க்காலில் ஓடும் நீர், குறுகிய மடையில் மோதி அலையைப் பின்னோக்கி அனுப்புவதைக் கண்டிருப்போம். அதுபோலவே, நுரை நசுங்கினாலும் கம்பி நடுவிலிருந்து விலகினாலும் மின்மறிப்பு மாறுகிறது; அலையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்புகிறது. பழைய தொலைக்காட்சிகளில் உருவத்தின் அருகே நிழலுருவம் தோன்றியதற்கு இத்தகைய எதிரொளிப்பும் ஒரு காரணம். இன்றைய எண்முறைத் தொலைக்காட்சியில் நிழல் தோன்றுவதில்லை. படம் துண்டுதுண்டாகச் சிதறி, திடீரென மறைந்துவிடுகிறது. எனவே, இணைப்பு என்பது கேபிளை முடிக்கும் இடமன்று. கேபிளின் அளவு மாறாமல் தொடர வேண்டிய இடம்.

பொருத்தும் முறை

வேலையைத் தொடங்குமுன் செட் டாப் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். டி.டி.எச். கேபிளில் படமும் ஒலியும் தாங்கிய அலை கீழிறங்குகையில், தட்டின் முன்னுள்ள எல்.என்.பி. கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே கேபிளில் மேலேறுகிறது.

முதலில் கேபிளை நேராக வெட்ட வேண்டும். முனையிலிருந்து ஏறத்தாழ 13 மி.மீ. நீளத்திற்கு வெளியுறையை நீக்கி, பின்னலை உறையின்மேல் மடித்துவிட வேண்டும். பின்னர் முனையில் பாதியளவிற்குத் தாளையும் நுரையையும் அகற்றிக் கம்பியை வெளிக்கொணர வேண்டும். பின்னலின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடலாகாது. தொட்டால் மின்குறுக்கு ஏற்படும்.

கத்தியால் கம்பியைச் சுரண்டுவதும் தவறு. பல கேபிள்களின் நடுக்கம்பி செம்பு பூசிய எஃகால் ஆனது. 1000 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்னோட்டத்தின் பெரும்பகுதி, செம்பின் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கு ஆழத்திற்குள்ளேயே ஓடுகிறது. ஆதலின் மெல்லிய செம்புப் பூச்சே போதுமானது. அப்பூச்சு உரிந்தால் எஃகு துருப்பிடிக்கும்.

இனி, கேபிளின் பருமனுக்குரிய எஃப் இணைப்பானைத் தேர்ந்து, அதனுள் கேபிளை நேராகச் செலுத்த வேண்டும். வெண்ணிற நுரை இணைப்பானின் உட்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி அதன் விளிம்பைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். பிறகு உரிய கிரிம்பிங் கருவியால் அழுத்தி நிலைநிறுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் வட்டவடிவம் கெடும். வடிவம் கெட்டால் அளவும் கெடும்.

வெயிலும் மழையும்

மொட்டைமாடியில் சித்திரை வெயில் உறையை வெடிக்கச் செய்யும். அக்குற்றம் ஐப்பசி மழையில் வெளிப்படும். வெடிப்பின் வழியாகவும் தளர்ந்த இணைப்பின் வழியாகவும் நீர் புகுந்து பின்னலை அரிக்கும். நிகழ்ச்சி தடைப்பட்டதும் நாம் மழைமேகத்தைக் குறை கூறுகிறோம், பெட்டியை மாற்றுகிறோம், பழுதோ முனையிலேயே தங்கிவிடுகிறது. வெளியில் அமையும் இணைப்பிற்கு நீர்புகா உறையிட வேண்டும். கேபிள் இணைப்பை அடையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். அவ்வளைவும் கூர்மையாக மடங்கலாகாது. இடிமின்னலின்போது மாடிக்குச் செல்வதையும், மின்கம்பிகளுக்கு அருகே உலோகக் குழாய் நிறுத்துவதையும் அறவே தவிர்க்க வேண்டும். படம் நாளையும் வரும், உயிர் வராது.

இன்று தொலைபேசி, இணையத் தடங்களில் ஒளியிழை வடங்கள் பரவிவருகின்றன. எனினும், மாடித் தட்டிலிருந்து கூடத்துப் பெட்டிவரை ஓரச்சு வடமே பணியாற்றுகிறது. நம் மாடிக்கு ஏறிவந்து, சில நிமிடங்களில் பின்னலை மடித்து முனையைப் பொருத்திச் செல்பவரை எளிய வேலை செய்பவராகக் கருதிவிடுகிறோம். இயற்பியல் நூல் கூறும் விதிகளை மில்லிமீட்டர் பிசகாமல் நிறைவேற்றுவன அவர் கைகளே. அறிவு ஏட்டில் தொடங்கலாம்; அது பயன்படுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். அக்கையை மதிக்கக் கற்பதும் கல்வியே.