பொருளாதாரப் பின்னடைவுக்குப் பிந்தைய ஆட்சேர்ப்பு

பொருளாதாரப் பின்னடைவு முடிந்தவுடன் நிறுவனங்கள் ஆள் சேர்க்கத் தொடங்கிவிடுவதில்லை. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய பின்னடைவு 2009 ஜூனில் முடிவுற்றது. வேலையின்மை வீதமோ அதன் பின்னரும் ஏறி, அக்டோபரில் 10 விழுக்காட்டைத் தொட்டது. விற்பனை கூடினாலும் அது நிலைக்குமா என்ற ஐயம் முதலாளிகளுக்கு இருக்கும். ஆகவே முதலில் இருக்கும் பணியாளர்களின் வேலை நேரத்தைக் கூட்டுவர். அடுத்துத் தற்காலிகப் பணியாளர்களை அமர்த்துவர். நிரந்தரப் பணியிடங்கள் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

விண்ணப்பங்கள் குவிவதால், முன்பு பள்ளிப் படிப்பே போதுமாயிருந்த வேலைக்கும் பட்டம் கேட்கப்படுவதுண்டு. மிகுதியாகப் பாதிக்கப்படுவோர் நெடுநாள் வேலையின்றி இருப்பவர்களே. தற்போது பணியில் இருப்போர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றுகூட அமெரிக்காவில் சில விளம்பரங்கள் வெளிவந்தன. பின்னடைவால் வேலை போனதையே தகுதிக் குறைவாகக் கொள்வது விந்தைதான். நியூ ஜெர்சி மாநிலம் 2011இல் இத்தகைய விளம்பரங்களைத் தடைசெய்தது. ஆனால் விளம்பரத்தில் எழுதாமல், விண்ணப்பங்களைப் பிரிக்கும்போதே அவர்களை ஒதுக்குவதை அச்சட்டம் தடுக்கவில்லை.