கார்டு பாக்கி கைமாறினால்

மணலி, எண்ணூர் ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலை, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் வண்டி, எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வேலை என்று ஓடுகிற தண்டையார்பேட்டையில் 2020 ஊரடங்கு பல வீடுகளின் வருமானத்தை நிறுத்தியது. அந்த மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி மட்டும் நிற்கவில்லை. மாதம் மூன்றரை சதவீதம் என்றால், கிரெடிட் கார்டில் கட்டாமல் விட்ட 40,000 ரூபாய் ஒரே ஆண்டில் 60,000-ஐத் தாண்டிவிடும். அபராதமும் ஜிஎஸ்டியும் தனி. இப்படி நின்றுபோன பாக்கிகளை வங்கிகள் வராக்கடன் என்று எழுதி, பிறகு மொத்தமாக விற்றுவிடுவது உண்டு. பல வருடம் கழித்து, கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி போன் வரும்.

"சார், உங்க ஃபைல் லீகலுக்குப் போயிடுச்சு. இன்னைக்கு ரெண்டாயிரம் மட்டும் போடுங்க, நான் நிறுத்தி வைக்கிறேன்."

அந்த ரெண்டாயிரத்தை உடனே போட்டுவிடாதீர்கள். வாங்கிய கடனைக் கட்ட முடிந்தால் கட்டி முடிப்பதே நிம்மதி. ஆனால் யாருக்கு, எவ்வளவு, எந்தக் காகிதத்தின் பேரில் என்று தெரியாமல் ஒரு பைசாவும் ஜிபேயில் போகக் கூடாது.

பேசுகிறவர் பெரும்பாலும் வசூல் ஏஜென்ட்தான். கடன் இன்னும் வங்கியிடமே இருக்கலாம்; அல்லது சொத்து மறுசீரமைப்பு நிறுவனம், அதாவது ஏ.ஆர்.சி., வாங்கியிருக்கலாம். ஏ.ஆர்.சி. நடத்த ரிசர்வ் வங்கியின் பதிவு வேண்டும். பதிவானவற்றின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. கடனை விற்க உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் கைமாறியதற்கான கடிதம், கடைசி ஸ்டேட்மென்ட், அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்ற கணக்கு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பழைய வங்கிக்கும் ஒரு மெயில் போட்டு, விற்றது உண்மையா, யாருக்கு என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

"வீட்டை ஜப்தி பண்ணுவோம்" என்ற மிரட்டலுக்கு நடுங்க வேண்டாம். கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்றும் 2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் அடமானம் உள்ள கடனுக்குத்தான். சாதாரண கார்டுக்கு அடமானம் கிடையாது. கார்டு பாக்கி சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் கைது செய்யாது. (கொடுத்த செக் திரும்பினால் அது வேறு, அதற்குக் குற்ற வழக்கு உண்டு. ஆகவே "செக்யூரிட்டிக்கு" என்று கேட்டால் செக் கொடுக்காதீர்கள்.) வழக்கில் அவர்கள் ஜெயித்தாலும், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவின்படி கூலித் தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய முடியாது.

பலருக்குத் தெரியாதது காலக்கெடு. இப்படிப்பட்ட பணத்துக்கு வழக்குப் போட 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டுதான் தருகிறது. கொரோனாவை ஒட்டி 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து விலக்கியது. ஆக, 2020 ஜூனில் தவறிய பாக்கிக்குக் கெடு 2022 மார்ச் 1-ல் தொடங்கி 2025 பிப்ரவரி கடைசியோடு முடிந்திருக்கும். இடையில் வழக்கோ, உங்கள் கையெழுத்தோ இல்லாவிட்டால்தான் இந்தக் கணக்கு. கெடுவுக்குள் "பாக்கி உண்மைதான்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் மூன்று ஆண்டு புதிதாக ஓடும். கையெழுத்தோடு கட்டும் சிறு தொகையும் அப்படியே. கெடு முடிந்த பிறகும், "கட்டுகிறேன்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது புது ஒப்பந்தம். அந்த ரெண்டாயிரத்துக்கும், வாட்ஸ்அப்பில் அவசரமாகத் தட்டும் பதிலுக்கும் நான் பயப்படுவது இதனால்தான். கெடு முடிந்தாலும் கடன் அழிந்துவிடாது. கேட்கலாம், வழக்கில் ஜெயிக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் சம்மன் வந்து நீங்கள் போகாமலிருந்தால் ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்பாகிவிடக்கூடும்.

செட்டில்மென்ட் பேசுவதானால் கடிதம் முதலில், பணம் பிறகு. தொகை, கடைசித் தேதி, "இதோடு முழுப் பாக்கியும் தீர்ந்தது" என்ற வரி மூன்றும் அதில் வேண்டும். ஏஜென்ட்டின் சொந்த நம்பருக்கு அனுப்பாமல் நிறுவனத்தின் கணக்குக்கே கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றை, அதாவது என்.ஓ.சி., வாங்குங்கள். குறைத்துக் கட்டினால் சிபிலில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்த கடனுக்கு அது இடிக்கும். சிபில் அறிக்கை வருடம் ஒருமுறை இலவசம். தவறான பதிவை 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்பது 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு, வங்கிக்கும் ஏ.ஆர்.சி.க்கும் அது பொருந்தும். பக்கத்து வீட்டாரிடமும் மேஸ்திரியிடமும் சொல்லி அவமானப்படுத்துவதும் கூடாது. வங்கியின் ஏஜென்ட் மீறினால் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், விவரத்துக்கு 14448.

லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் பயப்படாமல் போங்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் அங்கே முடிவு. ஆனால் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அப்பீல் கிடையாது, எனவே கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 1987-ம் ஆண்டு சட்டப்படி வக்கீல் உதவி இலவசம். அதற்கான சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஹைகோர்ட் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். வந்த நோட்டீஸ், பழைய ஸ்டேட்மென்ட், கடைசியாகக் கட்டிய ரசீது எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.