கடைசி நேரத்தில் உடன் இல்லாதவர்கள்



நம் பகுதியில் துக்க வீடுகளுக்குப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் அழுகை ஒன்று உண்டு: "கடைசி நேரத்துல நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேனே!" கப்பல் வேலைக்குப் போன மகனும் வளைகுடாவிலிருந்து ஓடி வந்த மகளும் எண்ணூரில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த கணவரும் இதையே சொல்லி அழுகிறார்கள். இந்த வேதனையைப் பற்றி நம் பக்கத்து ஊர்க் கல் ஒன்று என்ன சொல்கிறது என்று இன்று கேட்போம்.

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலை நாம் எத்தனையோ முறை பேருந்தில் கடந்து போயிருக்கிறோம். அங்கே ஆதிபுரீசுவரர் சந்நிதியின் விமானம் பின்பக்கம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல் இருக்கும். இந்த அமைப்புக்குத் தமிழில் 'தூங்கானை மாடம்' என்று பெயர். 11ஆம் நூற்றாண்டில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் என்னும் மடத்துத் தலைவர் முன்னின்று நடத்த, வீரசோழத் தச்சன் எனப்பட்ட இரவி என்பவர் இதைக் கருங்கல்லால் எழுப்பினார். இதைச் சொல்வது கோயில் கல்வெட்டே. அரசர் பெயரோடு தச்சர் பெயரும் நிலைத்த இடம் அது.

அதே இடைக்காலத்தில் அயர்லாந்திலும் துறவியர் கல்லை நம்பியே வாழ்ந்தார்கள். கரையிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவில் கடலில் நிற்கும் ஸ்கெல்லிக் மைக்கேல் என்ற பாறைத்தீவில் 600க்கும் மேற்பட்ட படிகளை அமைத்து, உச்சியில் தேன்கூடு வடிவக் குடில்களைக் கட்டினார்கள். அயர்லாந்தில் உள்ள கல்லரஸ் என்ற சிறு செபக்கூடத்தின் வடிவம், காசிமேட்டில் கவிழ்த்து வைத்த படகைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடச் சற்றே உள்தள்ளி அடுக்கினார்கள். மழைநீர் உள்ளே இறங்காதபடி கற்களை வெளிப்பக்கம் லேசாகச் சரித்து வைத்தார்கள். கல்லின் எடையே கல்லைத் தாங்குகிறது. அது இன்றும் நிற்கிறது.

ஒற்றியூர் மடத்துக்குத் திரும்புவோம். சதுரானன பண்டிதர் என்பது அம்மடத்துத் தலைவர்கள் வழிவழியாகத் தாங்கிய பெயர். 10ஆம் நூற்றாண்டில் அப்பெயரைத் தாங்கியவர் முன்பு போர்வீரராக இருந்தவர். கேரளத்தில் பிறந்தவர், சோழ இளவரசர் இராசாதித்தரின் நெருங்கிய நண்பர். படைத்தலைவர் வெள்ளங்குமரன் என்பவர் இவரே என்று ஆய்வாளர் கருதுவர்.

949ஆம் ஆண்டு தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு நடந்த போரில், இராசாதித்தர் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டார். அன்று நண்பர் அருகில் இல்லை. தலைவனோடு சேர்ந்து சாகவில்லையே என்ற வேதனை அவரை உலகத்தையே வெறுக்கச் செய்தது. கங்கையில் நீராடி, ஒற்றியூர் வந்து, நிரஞ்சன குருவிடம் துறவு பெற்றார். பின்னர் மடத்தின் தலைவரானார். பொன் கொடுத்து, கோயில் வழிபாட்டுக்கு நிலையான ஏற்பாடும் செய்தார். இந்த வரலாற்றைக் கூறும் கல்வெட்டில் எந்த அரசனின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? தம் நண்பரை வீழ்த்திய அதே மூன்றாம் கிருஷ்ணனின் ஆண்டு! பகைவன் ஆண்ட ஊரில்தான் அவர் தம் துயரத்தோடு வாழ்ந்தார், பணி செய்தார்.

அவர் வழிபட்ட முறை வேறு. அவருடைய அழுகை நமக்குத் தெரிந்ததுதான். நம் இராயபுரத்துக்குப் பெயர் தந்தவராகச் சொல்லப்படும் இராயப்பரும் அப்படி அழுதவரே. சேவல் கூவியதும் வெளியே போய் மனம் கசந்து அழுதார். சிலுவையடியில் அவர் நின்றதாக நற்செய்திகள் சொல்லவில்லை. ஆனாலும் 'பாறை' என்று ஆண்டவர் இட்ட பெயரை அவரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

போன நேரத்தை நம்மால் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதற்காக நம்மையே தண்டித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். அப்பாவின் நினைவுநாளுக்குப் பூசைக் கருத்துக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், நம் தெருவில் பிள்ளைகள் தூரத்தில் இருக்கும் ஒரு முதியவரின் கட்டிலருகே அன்று அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். எங்கோ கடலில் இருக்கும் அவருடைய மகனுக்காகவும் நாம் அங்கே இருப்போம்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.