தங்கவயலின் நில அசைவை விண்ணிலிருந்து அளக்க முடியுமா? மடித்து விரிக்கும் ஆன்டெனா செயல்படும் விதம்

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் சுரங்கப் பணிகள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியுடன் நிறுத்தப்பட்டன. எனினும், சுமார் 3.2 கி.மீ. ஆழம் வரை தோண்டப்பட்ட சுரங்கங்களின் மேல், தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வாழும் நகரம் இன்றும் இயங்கி வருகிறது. கைவிடப்பட்ட சுரங்கங்களில் நீர் நிரம்பிய பின்னரும் அங்கு நில அதிர்வுகள் பதிவாகியுள்ளன.

இத்தகைய பகுதிகளில் நிலம் மெல்லத் தாழ்கிறதா என்பதை அறிய உதவும் செயற்கைக்கோள் நிசார். இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கிய இது, 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்16 ராக்கெட் மூலம் செலுத்தப்பட்டது.

குடைபோல் விரியும் ஆன்டெனா

பூமியிலிருந்து திரும்பும் மெல்லிய ரேடார் எதிரொலிகளைச் சேகரிக்க அகன்ற ஆன்டெனா தேவை. ஆனால், 12 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாவை விரித்த நிலையில் ராக்கெட்டில் அனுப்ப இயலாது. எனவே, தங்க முலாம் பூசிய கம்பி வலையால் ஆன எதிரொலிப்பான் மடித்து அனுப்பப்பட்டு, ஆகஸ்ட் 15-ஆம் தேதி விண்வெளியில் விரிக்கப்பட்டது. இதன் எடை சுமார் 64 கிலோ மட்டுமே.

செயற்கைக்கோளின் உடற்பகுதியில் சிறு ஆன்டெனாக்கள் அணியாகப் பொருத்தப்பட்டுள்ளன. இவை அனைத்தும் சேர்ந்து அலைகளை அனுப்பும். அருகிலுள்ள நிலத்தின் எதிரொலி முதலிலும் தொலைவிலுள்ளது பின்னரும் வருவதால், அந்தந்தக் கணத்திற்குரிய ஆன்டெனாக்களின் சமிக்ஞை மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதனால் ஆன்டெனாவை அசைக்காமலேயே 240 கி.மீ.க்கும் அதிகமான அகலத்தைப் படம்பிடிக்க முடிகிறது.

அளவீடு எப்படி?

செயற்கைக்கோள் 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. இரு முறையும் பதிவான அலைகளின் கட்ட வேறுபாட்டை ஒப்பிட்டால், சென்டிமீட்டர் அளவிலான நில அசைவும் புலப்படும். சுமார் 24 செ.மீ. நீளமுள்ள எல் அலைவரிசை மேகத்தை ஊடுருவும்; செடிகொடிகளையும் ஓரளவு கடந்து செல்லும்.

அதேவேளையில், ரேடார் அளப்பது நிலப்பரப்பின் அசைவை மட்டுமே. ஆழத்தில் திடீரென நிகழும் பாறை வெடிப்பை அது முன்கூட்டியே அறிவிக்காது. அதற்கு நில அதிர்வுமானிகளின் பதிவுகளும் அவசியம். ஆயினும், நிலம் படிப்படியாகத் தாழும் இடங்கள் முன்னரே தெரிந்தால், வீடுகளில் விரிசல் விழும்வரை காத்திராமல் ஆய்வையும் பாதுகாப்பு நடவடிக்கையையும் தொடங்க இயலும்.